நாற்பதைத் தாண்டாத பியட்

வெங்கடேஸ்வரனின் பியட் காருக்குக் 'கொசு மருந்து வண்டி' என்று பெயர் வைத்தவர் எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸில் இருந்த தங்கராஜ். மழைக்காலம் வந்தால் கன்டோன்மென்ட் போர்டிலிருந்து ஒரு வண்டி வந்து தெருத்தெருவாகப் புகை அடித்துவிட்டுப் போகும். பூனாவை அடுத்த தேஹு ரோடு குழந்தைகள் அதன் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்த வருடம் மழை நின்ற பிறகும் அவர்களுக்கு ஓட ஒரு வண்டி கிடைத்துவிட்டது.

"என்ன சார், நேத்தும் ஆயில் ஊத்தினீங்களா? நம்ம ஆளுங்களே சம்பள நாள்லகூட இவ்வளவு குடிக்க மாட்டாங்களே!" என்று தங்கராஜ் வாசலில் நின்று கேட்பார். ஆயுதக் கிடங்கில் வெங்கடேஸ்வரனின் பக்கத்து மேஜைக்காரர் அவர். விருதுநகர்ப் பக்கம். நல்ல மனிதர், ஆனால் வாய் அடங்காது.

வெங்கடேஸ்வரனின் மனைவி வைஜயந்திக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அந்த இன்ஜினுக்கு அப்போதுதான் மறுபிறப்பே நடந்திருந்தது. பழைய இன்ஜின் ஓடி ஓடித் தேய்ந்துபோனதால் பூனா கேம்ப்பில் கராஜ் வைத்திருந்த காசிமிடம் விட்டார்கள். அவன் மொத்தமாகக் கழற்றி, சிலிண்டர்களைக் கடைசல் பிடித்து, புது பிஸ்டனும் ஆயில் மேலே ஏறாமல் தடுக்கிற புது ரிங்கும் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். புது இன்ஜின் மாதிரி ஓட வேண்டிய வண்டி. ஓடவும் ஓடியது. ஆனால் போகிற இடமெல்லாம் பின்னால் நீலப் புகை. வாரா வாரம் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது.

காசிம் வாணியம்பாடிக்காரன். கல்யாணமாகி பூனாவுக்கு வந்த புதிதில், ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாமல் கேம்ப் கடைத்தெருவில் வழிதவறி நின்ற வைஜயந்தியிடம் "இன்னாம்மா, தமிழா?" என்று கேட்டு, பஸ் ஏற்றிவிட்டவன் அவன்தான். அன்றிலிருந்து அந்த வீட்டு ஸ்கூட்டர், பிறகு அவளுடைய லூனா மொபெட், பிறகு இந்த பியட் எல்லாம் அவன் கை பட்டுத்தான் ஓடின. தேஹு ரோட்டிலிருந்தும் ஹடப்சரிலிருந்தும் வருகிற தமிழ்க் குடும்பங்களின் வண்டிகளை வைத்துத்தான் அவன் கராஜ் நடந்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வருவார்கள். அப்படி வருகிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் போய்விடவும் கூடும்.

அதுதான் நடக்கத் தொடங்கியிருந்தது. "பழைய ரிங்கையே கழுவி மாட்டியிருப்பான் பாய். புதுசுக்குக் காசு வாங்கியிருப்பான்" என்று தங்கராஜ் கான்டீனில் சொன்னது இரண்டே நாளில் கேம்ப் வரை போய்விட்டது. ஹடப்சரிலிருந்து வண்டியை வேலைக்கு விட்டிருந்த ஒருவர் அதைப் பாதியிலேயே திருப்பிக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பிம்ப்ரியில் தங்கராஜுக்குத் தெரிந்த கராஜ் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை அங்கே இன்ஜினைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று அவரே ஏற்பாடும் செய்துவிட்டார். வெங்கடேஸ்வரன் 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை.

காசிமிடம் இதைச் சொல்லப் போனபோது வைஜயந்தியும் கூடப் போனாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முகம் கறுத்துவிட்டது.

"கொண்டு போங்க சார். நல்லா கயட்டிப் பாருங்க. உள்ள பழைய ரிங்கு இருந்தா அன்னிக்கே நான் கராஜ் போர்டக் கயட்டிடறேன். ஆனா ஒண்ணு. இல்லாட்டியும் கயட்டுனது கயட்டுனதுதான். காசிம் கட்டுன இன்ஜின இன்னொருத்தன் பிரிச்சான்னு ஆனப்புறம் உள்ள இன்னா இருந்துச்சுன்னு எவன் கேக்கப் போறான்?"

திரும்பும் வழியில் வைஜயந்திதான் பொறுக்க முடியாமல் கேட்டாள். "நீங்க என்னதான் நினைக்கறேள்? காசிம் அப்படிச் செய்வானா?"

"செஞ்சிருக்க மாட்டான்னு நினைக்கறேன். நினைக்கறது வேற, தெரியறது வேற. திங்கட்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கணும்."

கிடங்கில் அவர் வேலை சரக்குப் பரிசோதனை. வருகிற உதிரிபாகங்களில் எது சரி, எது தள்ள வேண்டியது என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஒன்றைத் தள்ளுவதற்கு முன் அது எப்படிக் கெட்டது என்று கேட்பார். "கெட்டதுன்னு எவனும் சொல்லிடுவான்" என்பார். அந்தக் கேள்வியை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவது வைஜயந்திக்குப் பழகிப்போன ஒன்று. பால் திரிந்தால்கூடப் பால்காரனைத் திட்டுவதற்கு முன் பாத்திரத்தை முகர்ந்து பார்க்கிற மனிதர்.

அந்த வாரம் காரைச் சுற்றி அவர் செய்ததையெல்லாம் பார்த்து அவளுக்கு ஒரு பக்கம் வியப்பாக இருந்தது, ஒரு பக்கம் பைத்தியக்காரத்தனமாகவும் இருந்தது. முதலில் காருக்கு அடியில் பழைய மராத்திப் பேப்பர்களைப் பரப்பி வைத்தார். காலையில் ஒரு சொட்டு இல்லை. "கீழ ஒழுகல. அப்போ உள்ளதான் எரியறது" என்றார். பிறகு சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளக்குகளையும் கழற்றிச் சமையலறை மேடையில், அவள் தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், வரிசையாக வைத்தார்.

"ஐயோ, இதை எதுக்கு இங்க கொண்டு வரேள்?"

"இங்கதான் வெளிச்சம் நன்னா இருக்கு. பாரு, எது ரொம்பக் கறுப்பு?"

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. நாலும் எண்ணெய்ப் பிசுக்கு."

"அதேதான்" என்றார், ஏதோ அவள் பரீட்சையில் பாஸானதுபோல. "ஒரு ரிங் உடைஞ்சிருந்தாலோ தப்பா மாட்டியிருந்தாலோ ஒரு பிளக்தான் இப்படி இருக்கும். நாலும் ஒரே மாதிரின்னா, நாலுக்கும் பொதுவா ஏதோ நடந்திருக்கு."

மறுநாள் சாயங்காலம் அவளை லூனாவை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னாலேயே வரச் சொன்னார்.

"நான் என்ன பைலட் வண்டியா?"

"பைலட் முன்னாடி போவான். நீ பின்னாடி வந்து புகையப் பாக்கணும். ஸ்டார்ட் பண்றச்சே வரதா, நான் காலை எடுக்கறச்சே வரதா, அழுத்தறச்சே வரதான்னு சொல்லணும். காலை எடுத்தா ஒரு ஹார்ன், அழுத்தினா ரெண்டு ஹார்ன்."

பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவர் காரின் பின்பக்கத்தை முறைத்தபடி நெடுஞ்சாலையில் லூனா ஓட்டினாள். குவார்ட்டர்ஸே வேடிக்கை பார்த்தது. ஸ்டார்ட் செய்தபோது ஒன்றும் இல்லை. ஒரு ஹார்ன் வந்தபோதும் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ஹார்ன் வந்ததும் சைலன்சரிலிருந்து நீலமாகச் சுருள் சுருளாக வந்து அவள் முகத்தில் மோதியது.

"அழுத்தினா மட்டும்தான்" என்று இருமிக்கொண்டே சொன்னாள்.

"வால்வு வழியா ஆயில் இறங்கல. வால்வுன்னா ஸ்டார்ட் பண்றப்பவே தெரியும். ரிங்தான்." அவர் குரல் இறங்கிவிட்டது. அதுவரை பார்த்ததெல்லாம் தங்கராஜ் சொன்ன பக்கமே சாய்ந்துகொண்டு வந்தது அவளுக்கும் புரிந்தது.

சனிக்கிழமை அரை நாள். அலுவலகத்திலிருந்து நேரே காசிமுக்கு போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: என் இன்ஜினோடு சேர்த்து வேறு எந்த இன்ஜின் கட்டினாய்? பம்பாய் தாதருக்கு ஓடுகிற ஜெபமணியின் டாக்ஸி என்று பதில் வந்தது. அதுவும் பியட்தான். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய சாமான். வைஜயந்தியைக் கூட்டிக்கொண்டு உடனே பூனா ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் பம்பாய்க்குப் போகிற டாக்ஸிகள் வரிசையாக நின்றன. ஜெபமணி பானெட் மீது சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். நாசரேத்துக்காரன்.

"வாங்க சார், வாங்கம்மா! தாதரா? முன் சீட்டு தாரேன்."

"தாதர் இல்லப்பா. உன் ஆயிலப் பாக்கணும்."

"ஆயிலயா? அதப் பாக்கவா தேஹு ரோட்டுலருந்து வந்திய?" ஜெபமணி சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினான். வெங்கடேஸ்வரன் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். மேல்கோடு வரைக்கும் ஆயில் நின்றது.

"இப்போ ஊத்தினதா?"

"எதுக்கு ஊத்தணும்? வேலை முடிஞ்சு வந்து, ஒருதடவ ஆயில் மாத்துனதோட சரி. பானெட்டையே இன்னிக்குத்தான் தொறக்கேன்."

"புது இன்ஜினை எப்படிப் பழக்கினே? மெதுவா ஓட்டினியா?"

"காசிம் பாயும் அதத்தான் சொன்னாரு. நீங்களே சொல்லுங்க சார். நாலு பாசஞ்சர், மேல கேரியர் நெறைய பெட்டி. இதோட கண்டாலா மலையில எங்க மெதுவாப் போறது? மெதுவாப் போனா வண்டி பின்னாடில்லா போகும்!"

வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். வெங்கடேஸ்வரன் சிரிக்கவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். ஜெபமணிதான் "அதக் குடுங்க சார், வண்டி போவணும்" என்று வாங்கி உள்ளே செருகினான்.

திரும்பும் வழியில் கார் கட்கியைத் தாண்டியது. வழக்கம்போல முள் நாற்பதில் நின்றது. எருமைமாட்டு வண்டி தவிர மற்றவையெல்லாம் அவர்களை முந்திக்கொண்டு போயின.

"வைஜு, தப்பு காசிம் கையில இல்ல. என் கால்ல இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் காரை ஓரமாக நிறுத்தி விளக்கினார். சிலிண்டரைக் கடைசல் பிடிக்கும்போது உள்சுவரில் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே விட்டு வைப்பார்கள். புது ரிங் அந்தச் சொரசொரப்பில் உராய்ந்து உராய்ந்துதான் சுவரோடு பொருந்திப் படியும். ஆனால் ரிங் சுவரை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் இன்ஜின் பாரம் இழுக்க வேண்டும். இழுக்காமல் சும்மா கொஞ்சிக்கொண்டே இருந்தால் ஆயில் அந்தச் சுவரில் காய்ந்து கண்ணாடி மாதிரி ஒரு தோலாகிவிடும். பிறகு ரிங் அதன் மேல் வழுக்கும். ஆயில் அந்த வழியாக மேலே ஏறி எரியும்.

"கிரைண்டர் கல்லு மாதிரியா?" என்றாள் வைஜயந்தி. "கல்லு வழவழன்னு ஆயிட்டா அரிசி அரைபடாம சுத்திண்டே இருக்குமே. கொத்தினாத்தான் சரியாகும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இத நீ போன வாரமே சொல்லியிருந்தா பூனா ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்க வேண்டாம்."

அவர் அந்தக் காரை எப்படி வைத்திருந்தார் என்பது அவளுக்குத்தானே தெரியும். புது இன்ஜினை அறுபதுக்கு மேல் விரட்டாதே என்பது காசிம் சொன்னது. சரக்குப் பரிசோதனைக்காரருக்கு யார் என்ன அளவு சொன்னாலும் அதில் பாதுகாப்புக்கு என்று ஒரு பங்கு கழித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். அறுபதை நாற்பதாக்கினார். பின்சீட்டில் ஆள் ஏற்றவில்லை. அரிசி மூட்டை வாங்கினால்கூட ஆட்டோவில்தான் வந்தது. மேட்டைக் கண்டால் சுற்றுவழி. ஓட்டாத நாட்களில் சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சும்மா நிற்க வைத்து உறுமவிட்டுப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். பூஜை மாதிரி. இத்தனை அன்பு வைத்துத்தான் அதைக் கெடுத்திருந்தார்.

"அப்போ காசிம் மேல ஒண்ணும் இல்லையே? நிச்சயம்தானே?" என்று கேட்டாள்.

"நிச்சயம் இல்ல. பழைய ரிங்கா இருந்தாலும் இதே புகைதான் வரும். ஜெபமணிக்குப் புதுசப் போட்டு எனக்குப் பழச மாட்டியிருக்கலாமே."

"அதை எப்படிக் கழட்டாம கண்டுபிடிக்கறது?"

"மலையேத்திப் பாக்கணும். பாரம் ஏத்தி, அழுத்தி. புது ரிங்குன்னா படிய ஆரம்பிக்கும், புகை குறையும். பழசுன்னா இன்னும் மோசமாகும். இன்ஜினே போனாலும் போகும்."

இதைச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார். மேட்டைக் கண்டாலே சுற்றுவழி போகிற மனிதர், காசிமின் பேரைக் காப்பாற்ற அந்த இன்ஜினையே பணயம் வைக்கப்போகிறார் என்று வைஜயந்திக்குப் புரிந்தது. அவர் இருந்தவரை அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது, அவர் போய் இவ்வளவு காலம் ஆன பிறகு, அவரை நினைத்தால் அந்தச் சனிக்கிழமைதான் முதலில் வருகிறது: வழியோரம், நிறுத்திய கார், தன் கால்மீதே குற்றம் சொல்லிவிட்டு அதையும் சோதித்துத்தான் நம்புவேன் என்று உட்கார்ந்திருந்த அந்த மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தங்கராஜ் வீட்டுக்குப் போனார்.

"நாளைக்குக் கண்டாலா வரைக்கும் வரணும் தங்கராஜ்."

"சுத்திப் பாக்கவா சார்? புகையில ஒண்ணும் தெரியாதே!"

"ரெண்டு காரியம். ஒண்ணு, எடைக்கு ஆள் வேணும். உங்கள விட்டா யாரு?"

தங்கராஜின் மனைவி உள்ளேயிருந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"ரெண்டாவது, நீங்க பின்சீட்டுல திரும்பி உக்காந்து புகையப் பாத்துச் சொல்லணும். நான் சொன்னாலும் காசிம் சொன்னாலும் செல்லாது. சந்தேகப்படறவர் கண்ணால பாத்துச் சொன்னாத்தான் பரிசோதனை."

"அப்போ அந்தப் பாயும் வர்றாரா?"

"உங்க பக்கத்து சீட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை லோனாவ்லாவைத் தாண்டி, கண்டாலா மலையிறங்கிக் கோபோலி போய்ச் சேர்ந்தார்கள். பின்சீட்டில் தங்கராஜ் ஒரு கதவோடும் காசிம் மறு கதவோடும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தண்ணீர்க் கேன். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை. அடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி, முதல் மேட்டுக்கு வந்தார்கள். வெங்கடேஸ்வரனின் கால் அங்கேயே தயங்கியது.

"அழுத்துங்கோ" என்றாள் வைஜயந்தி.

"அழுத்திண்டுதான் இருக்கேன்."

"இது அழுத்தறதா? செருப்பு போட்டுப் பாக்கற மாதிரி இருக்கு!"

காசிம் பின்னாலிருந்து முன்னால் குனிந்தான். "மூணாம் கியர்ல போட்டு முழுசா அமுக்குங்க சார். அப்புறம் காலை எடுங்க. திரும்ப அமுக்குங்க. பயப்படாதீங்க, நான் கட்டுனது."

அமுக்கினார். இன்ஜின் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்திக்கொண்டு ஏறியது.

"புகை!" என்று தங்கராஜ் கூவினார். "நல்லாப் புகை சார்! பின்னால வர்ற லாரியே தெரியல!"

வைஜயந்தி திரும்பிக் காசிமைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்தது. வெங்கடேஸ்வரன் காலை எடுத்தார். அடுத்த வளைவில் மறுபடி அமுக்கினார். சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. "புகை" என்றார் தங்கராஜ் மறுபடி. அதற்கடுத்த மேட்டில் "இருக்கு" என்றார். அதற்கும் அடுத்ததில் ஒன்றும் சொல்லவில்லை.

"தங்கராஜ்! தூங்கறேளா?"

"இல்ல சார்... பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அமுக்குனீங்களா இப்ப?"

"முழுசா."

"லாரி நல்லாத் தெரியுது சார். டிரைவர் மீசைகூடத் தெரியுது."

மலை உச்சியில் ஒரு வடா பாவ் கடை ஓரம் நிறுத்தினார்கள். பானெட்டிலிருந்து அனல் அடித்தது. பிறகு வெங்கடேஸ்வரன் காசிமிடம் போனார்.

"காசிம், நீ கட்டினதுல ஒரு குறையும் இல்ல. நான்தான் அதை ஓடவே விடல. நாளைக்குக் கான்டீன்ல நானே சொல்லிடறேன். ஹடப்சர்க்காரர் வீட்டுக்கும் போய்ச் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உன்னை ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுட்டேன்."

"ஒரு நிமிசமா? நல்லா கணக்குப் பாருங்க சார். மூணு வாரம்!"

"சரி, மூணு வாரம்."

"என் மேலயும் தப்பு இருக்கு. மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னவன் நான்தான், இவ்ளோ மெதுவான்னு யாரு கண்டா?" காசிம் சிரித்துவிட்டான். ஆனால் கண் ஓரத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டதை வைஜயந்தி பார்த்தாள்.

தங்கராஜ் கடைக்காரனிடம் போய் உடைந்த ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். "காசிம் பாய், டீ நான் சொல்லியிருக்கேன். வடையும். கான்டீன்ல சார் சொல்ல வேண்டாம். அங்க பேசினது நான்தானே. நானே சொல்லிக்கிறேன்."

"காரமா ரெண்டு மிளகாயும் வெக்கச் சொல்லு தம்பி. வாய்க்கு நல்லது" என்றான் காசிம்.

டீயைக் குடித்து முடித்ததும் வெங்கடேஸ்வரன் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, காரை வந்த பக்கமே திருப்பி நிறுத்தினார்.

"சார், தேஹு ரோடு அந்தப் பக்கம்" என்றார் தங்கராஜ்.

"தெரியும். ஒரு தடவை சரியா வந்தா அதுக்குப் பேரு அதிர்ஷ்டம். திரும்பக் கோபோலிக்கு இறங்கி ஏறணும். ஏறுங்கோ."

தங்கராஜ் வைஜயந்தியைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டிருந்தாள். பின்சீட்டில் காசிம் தண்ணீர்க் கேனைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டான்.